நரையைப் பார்ப்பது யார்?

முதுமைத் தோற்றத்தை எண்ணி ஆண்களைவிடப் பெண்களே அதிகம் வருந்துகிறார்கள் என்பது பரவலான கருத்து. அதற்கு வலுவான வடிவம் தந்தவர் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக். முதுமையின் இரட்டை அளவுகோல் பற்றி 1972இல் எழுதிய கட்டுரையில், ஆணழகுக்கு இளைஞன், முதிர்ந்த ஆண் என இரண்டு மாதிரிகள் உண்டு, பெண்ணுக்கு இளம்பெண் என்ற ஒன்றுதான் என்றார் அவர். நரைத்த ஆண் ஒரு மாதிரியிலிருந்து மற்றதற்கு நகர்கிறான். பெண்ணுக்கு இழப்பு மட்டுமே. நம் பழம்பாடல்களை வைத்துப் பார்த்தால் இந்த வாதத்தில் பாதிதான் நிற்கிறது.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் தன் முதுமையைத் தானே பேசுகிறார். மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணல் அள்ளி வந்த இளமை போய், கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் நிலை வந்துவிட்டது. இழந்தது வலிமை, முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 191ஆம் பாடலில் பிசிராந்தையாரிடம் வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார். ஆணின் கருமுடி அங்கே அவன் வாழ்வு ஒழுங்காக இருப்பதற்கான சான்றிதழ்.

பெண்ணின் முதுமையோ வெளியிலிருந்து காணப்படுகிறது. மகன் போர்க்களத்தில் மாண்ட செய்தி கேட்டு மகிழும் முதிய தாயின் நரையைக் கொக்கின் தூவியோடு ஒப்பிடுகிறது 277ஆம் பாடல். அடுத்த பாடல் அத்தகைய தாயொருத்தியின் புடைத்த நரம்பையும் வற்றிய தோளையும் காட்டுகிறது. அதைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். பாடுபவர் பெண்ணாக இருந்தும், அந்தத் தாய் தன் உடலைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது நமக்குக் கிடைப்பதில்லை. அவள் பேச்செல்லாம் மகனைச் சுற்றியே, தன் மார்பைக் குறிப்பிடுவதும் அவனுக்குப் பாலூட்டியதை வைத்தே.

தன் உடலைத் தானே பார்க்கும் முதியவளைப் பௌத்தப் பிக்குணிகளின் பாடல் தொகுப்பான பாலி மொழித் தேரிகாதையில் காண்கிறோம். வைசாலியின் கணிகையாயிருந்து பிக்குணியான அம்பபாலி, கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை அன்றிருந்ததையும் இன்றிருப்பதையும் வரிசைப்படுத்துகிறாள். அழகே பிழைப்பாக இருந்தவள் என்பதால் சொண்டாக்கின் வாதப்படி அவள் கதறியிருக்க வேண்டும். அவளோ கணக்குப் பார்ப்பவளின் நிதானத்தோடு பேசுகிறாள். அதை வெறும் நிலையாமைப் போதனையாகப் படிப்பது அவளுக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குப் படுகிறது.

காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி போகிறார். கணவனுக்காகச் சுமந்த தசைப்பொதியை நீக்கிப் பேய்வடிவம் வேண்டினார் என்கிறது சேக்கிழாரின் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மையார் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் கொண்ட பெண்பேயைப் பாடி, தம்மையே காரைக்கால் பேய் என்று குறித்துக்கொண்டார். புறநானூற்றுத் தாய்மேல் பிறர் கண்ட அதே அடையாளங்களை இவர் பெருமையோடு ஏற்கிறார். திருமணத்திலிருந்து தப்ப முதுமையை வரமாகக் கேட்ட ஔவையின் நாட்டார் கதையும் இந்த மரபில்தான் வருகிறது. அழகு பார்க்கப்படாத நிலை இங்கே தண்டனையாக இல்லை. ஊர் ஊராய் நடக்கவும் அரசனைக் கண்டிக்கவும் அது உரிமம்.

இதை மிகைப்படுத்திவிடக் கூடாது. ஔவை கேட்டுப் பெற்றாள். பூவும் பொட்டும் பறிக்கப்பட்ட கைம்பெண்ணுக்கு அதே தோற்றம், பல நேரங்களில் இளவயதிலேயே, ஊரால் திணிக்கப்பட்டது. இரண்டையும் விடுதலை என்று அழைப்பது கொடுமை.

ஆண் பக்கமும் இன்று மாறியிருக்கிறது. 2011இல் ‘மங்காத்தா’ படத்தில் அஜித்குமார் நரைத்த தலையோடு நாயகனாக வந்தார். சொண்டாக் சொன்ன இரண்டாம் மாதிரி அது. ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகும் மீசைக்கு டை அடிப்பதை விடாத ஆண்களை எந்தத் தெருவிலும் காணலாம். அவர்களை அந்தக் கட்டுரை விளக்குவதில்லை.

தோற்றம் நிறைவளிக்கிறதா என்று மட்டும் முதியவர்களிடம் கேட்கும் களஆய்வுகள் இந்த வேறுபாடுகளைத் தவறவிடும். யார் பார்வைக்காக டை அடிக்கிறீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், நிறுத்தியது உங்கள் முடிவா என்றும் கேட்க வேண்டும். கைம்பெண்களின் பதில்களை மற்றப் பெண்களின் பதில்களோடு ஒரே அட்டவணையில் சேர்க்காதிருப்பதும் அவசியம்.