பணிக்காப்பும் இடநிலைப்பும்: கார் நிக்கோபார்ச் சான்று

ஆசிரியரின் பணிக்காப்பு பற்றிய விவாதங்களில் இருவேறு பொருள்கள் ஒன்றாக மயங்குகின்றன. ஒன்று, பதவி பறிபோகாமை. மற்றொன்று, ஓரிடத்தில் நிலைத்திருத்தல். இவற்றுள் மொழிக்குப் பயன் தருவது எது என்பதைக் கார் நிக்கோபார் வரலாறு காட்டுகிறது.

தமிழரான வேதப்பன் சாலமன் 1890-களில் அத்தீவின் மூஸ் ஊரில் சமயப் போதகராகவும் ஆசிரியராகவும் அமர்ந்து, பல்லாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். அவரிடம் பயின்ற நிக்கோபாரியரான ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் மேற்கல்வி பெற்று, ஆசிரியராகத் தீவுக்குத் திரும்பினார். பின்னர்ப் புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். ஒயிட்ஹெட் தொகுத்த அம்மொழியின் அகராதி 1925-இல் இரங்கூனில் வெளிவந்தது. சாலமனும் ரிச்சர்ட்சனும் பணியேற்ற காலத்தில் இன்றைய அரசியலமைப்புப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கு வாய்த்தது இடநிலைப்பே.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 311-ஆம் உறுப்பு, விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்யப்படாத உரிமையை அரசு ஊழியர்க்கு வழங்கியது. அதனால் அரசுப் பள்ளி ஆசிரியர் மேலதிகாரியின் விருப்புவெறுப்பிலிருந்து காக்கப்படுகிறார். கடமை தவறியவரை நீக்குவதும் அதனாலேயே காலம் பிடிக்கிறது. ஆனால் அவ்வுரிமை இடமாற்றத்தைத் தடுப்பதில்லை. இடமாற்றத்திற்குரிய பதவியில் உள்ளவர் ஓரிடத்திலேயே நீடிக்க உரிமை கோரவியலாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தெளிவுபடுத்தியது. வேற்றுமொழி ஆசிரியர் தீவின் மொழியைக் கற்றுத் தேறும் முன்னரே மாற்றலாகிச் செல்ல இது வழிவிடுகிறது.

இடநிலைப்பிலும் குறையுண்டு. சாலமன் அரசின் முகவராகவும் விளங்கினார். கல்வியும் அதிகாரமும் ஒருவர் கையில் குவிந்தன. ஆதலின் நீண்ட தங்கலுக்கு மேற்பார்வை இன்றியமையாதது. 1956-இல் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு வலியுறுத்தும் தாய்மொழித் தொடக்கக் கல்வி, அம்மொழியறிந்த ஆசிரியர் அவ்விடத்தே நிலைத்தாலன்றிக் கைகூடாது.