காவல் நீங்கிய மண்ணில்

வண்டிப்பெரியாற்றிலிருந்து கவிக்குச் செல்லும் காட்டுப்பாதையில் போனவர்கள், அங்கே ஏலத்தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கண்டிருப்பார்கள். இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களும் அவர்தம் மக்களும் அவர்களுள் உளர். இடுக்கி எல்லையிலும் பாலக்காட்டிலும் வாழும் நாம் அவர்களைச் 'சிலோன்காரர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என விட்டது. பிரிக்கப்பட்ட மக்களை எவரும் கலந்து கேட்டிலர்.

கப்பலேறியவர் கதையை நாம் ஓரளவு அறிவோம். கப்பலேறாதவர் கதையோ இங்கு அதிகம் பேசப்படுவதில்லை. 1977 கலவரத்தில் வீடிழந்த தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் வடக்கே சென்று, வவுனியாவைச் சூழ்ந்த வன்னிக் காட்டு நிலங்களில் குடியேறினர். அவர்களுக்குத் துணை நின்றது 'காந்தியம்' என்னும் அமைப்பு. கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதனை நடத்தினர். பண்ணைகள் எழுந்தன, சிறுவர் பள்ளிகள் தோன்றின. துப்பாக்கி ஏந்தாத இப்பணிக்குக் கிடைத்த விடை என்ன? 1983 ஏப்ரலில் இருவரும் சிறைப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுள் இராஜசுந்தரமும் ஒருவர். டேவிட் உயிர் தப்பினார்.

கால் நூற்றாண்டு கடந்து அதே வன்னியில் வேறொரு காட்சி. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டுப் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகவேண்டாம் என மக்கள் அவர்களது அலுவலக வாயிலில் நின்று மன்றாடினர். 2009-இல் அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் எறிகணைகள் விழுந்தன; வெளியேற முயன்றோரைப் புலிகளும் தடுத்தனர். இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான குழு, ஐக்கிய நாடுகள் அமைப்பு தன் கடமையில் தவறியது என அறிக்கை தந்தது. கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு இம்முறை புதிதன்று. தவறு பதிவானால் தவறு தீர்ந்தது எனக் கருதும் வழக்கம் எந்த அலுவலகத்திற்கும் உண்டு. முள்ளிவாய்க்காலில் மாண்டவர்க்கு அப்பதிவால் ஆனது ஒன்றுமில்லை.

'அழிந்த ஊரைக் கட்டுவது குடிமக்கள் கடமை' என்று மேடைகளில் கேட்கிறோம். மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டுவதற்கு மண் வேண்டுமே! மெனிக்பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது, அங்கிருந்து இறுதியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்குப் போக இயலவில்லை. ஊர் படையினர் வசம் இருந்தது; அவர்கள் வேறிடத்தில் இறக்கிவிடப்பட்டனர். அருகிலுள்ள பிலக்குடியிருப்பு மக்களோ 2017 சனவரி இறுதியில் படைமுகாம் வாயிலிலேயே அமர்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இரவும் பகலும் அங்கேயே கிடந்தனர். ஒரு மாதம் கழிந்து, மார்ச் 1-இல் நிலம் விடுவிக்கப்பட்டது.

இரணைதீவின் செய்தி இதனினும் வியப்பானது. கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அத்தீவின் மீனவக் குடும்பங்கள் 1992-இல் இடம்பெயர்ந்தன. பின்னர்த் தீவு கடற்படை வசமாயிற்று. மனு கொடுத்தார்கள், 2017 மே மாதம் முதல் கரையில் அமர்ந்து போராடினார்கள், ஓராண்டு நெருங்கியும் விடை இல்லை. 2018 ஏப்ரல் 23 அன்று, அனுமதிக்குக் காத்திராமல், படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாமே புறப்பட்டார்கள். கரையேறியதும் முதலில் தேவாலயத்துக்குச் சென்று வணங்கினார்கள். வீடுகள் இடிந்து கிடந்தன, புதர் மண்டியிருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் ஆளில்லாத ஊர் வேறு எப்படி இருக்கும்? அன்றிரவு அவர்கள் திரும்பவில்லை, தீவிலேயே தங்கிவிட்டார்கள்.