நடுகல்லும் மாட்டு மணியும்



தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு நண்பகலில் நான் அங்கே சென்றிருந்தேன். ஆநிரைக்காகப் போரிட்டு மாண்ட வீரர்கள் வில்லும் வாளும் ஏந்திய கோலத்தில் கல்லில் நிற்கக் கண்டேன். எங்கும் அமைதி. ஆயினும் அக்கற்கள் அமைதியிற் பிறந்தவை அல்ல. வெட்சி மறவர் ஆநிரை கவரச் சென்றபோது துடி முழங்கிற்று என்று சங்கப் பாடல்கள் கூறும். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கும். கல்லை நாம் காத்துவிட்டோம். அதனோடு பிறந்த ஒலியைக் காத்தோமா?

இவ்வினா எழுந்ததும் என் நினைவு நியூயார்க் நகருக்குச் சென்றது. அங்குள்ள நவீன கலைக்கூடத்தில் 1943ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜான் கேஜ் என்னும் இளைஞர் தாளக் கருவிகளைக் கொண்டே ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார். ஓவியம் காணும் கூடத்தில் புதுமை இசை ஒலித்தது. மோட்டார் வண்டியின் பிரேக் உருளை, இரும்புத் தகடு, மாட்டு மணி முதலியவற்றுக்கென்றே அவர் 1939இல் ஓர் இசையமைப்பு இயற்றியிருந்தார். எப்பொருளின் ஒலியும் இசைக்கு உரியதே என்பது அவர் கொள்கை.

அவர் நம் நாட்டுக்கும் கடன்பட்டவர். அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946இல் அவரிடம் மேலை இசை பயின்றார். மாற்றாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தார். மனத்தை அடக்கி அமைதியுறச் செய்வதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் கூறியதையும் எடுத்துரைத்தார். கேஜ் அதனை மறக்கவில்லை. 1952இல் அவருடைய படைப்பொன்றை அரங்கேற்றிய டேவிட் டியூடர், பியானோவின் முன் அமர்ந்து நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி வரை ஒரு சுரமும் வாசிக்கவில்லை. அவையோரில் சிலர் சினந்தனர். ஆனால் காற்றும் மழையும் அவர்தம் முணுமுணுப்புமே அன்றைய இசை என்றார் கேஜ். அதே டியூடர் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்தார்.

இவற்றை எண்ணியவாறு நடுகற்களின் முன் மீண்டும் நின்றேன். இம்முறை கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் நின்றேன். என் காலடி ஓசை கேட்டது. சாலையில் பேருந்தொன்று இரைந்து சென்றது. அதன் பின்னே, எங்கோ ஒரு மாட்டின் கழுத்து மணி ஒலித்தது. அக்கல்லில் நிற்பவன் உயிர் கொடுத்தது அம்மணியோசைக்காகவே அன்றோ!

நண்பர்களே, நீங்களும் அங்குச் செல்லுங்கள். எழுத்தைப் படித்து முடித்த பின், சற்று நேரம் செவிசாய்த்து நில்லுங்கள்.