மண்ணைத் தொட்டபின் பாடம்: ஆரோவில் அனுபவமும் கல்லூரி வகுப்பறையும்

உயர்கல்வியில் வகுப்பறைத் தரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கோப்புகளில் போய் முடிகிறது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்க 1994-இல் அமைக்கப்பட்ட நாக், கற்பித்தல், கற்றல், மதிப்பீடு ஆகியவற்றைத் தன் இரண்டாவது அளவுகோலாக வைத்திருக்கிறது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் நாக் குழு வரும் ஆண்டில் கல்லூரிகளில் தயாராவது பாடக்குறிப்பேடும், பாட விளைவுகளை மதிப்பெண்ணோடு பொருத்தும் அட்டவணையும்தான். ஆசிரியர் எதை நடத்தினார் என்பதற்கு அவை சான்றாகும். மாணவர் எதைச் செய்து பார்த்து முடிவுக்கு வந்தார் என்பதற்கு ஆகா. தரத்தை மாணவர் செய்து பார்த்ததைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்திற்கு விழுப்புரம் மாவட்டக் கடற்கரையிலேயே முன்மாதிரி உண்டு. 1910-இல் ‘கர்மயோகின்’ இதழில் தேசியக் கல்வி பற்றி எழுதிய அரவிந்தர், ஆசிரியரை வழிகாட்டியாகவே கண்டார். அறிவைத் திணிக்கும் அதிகாரியாகக் காணவில்லை. பரோடா கல்லூரியில் பாடம் நடத்தியவரின் கருத்து அது. அவர் சிந்தனையை ஒட்டி விழுப்புரம் கடற்கரையருகே 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில் நகரின் சாசனமும் முடிவில்லாக் கல்வியை அதன் இலக்குகளுள் ஒன்றாக வைத்தது.

அக்கருத்து நடைமுறையாவதை ஆரோவில் புவி நிறுவனத்தின் பயிற்சிகளில் காணலாம். மண்கல் செய்யக் கற்க வருபவர் முதலில் மண்ணைக் கையில் எடுக்கிறார். முகர்ந்தும், ஈரமாக்கி உருட்டியும், கையில் ஒட்டியதைக் கழுவியும் மணல், வண்டல், களி ஆகியவற்றின் பங்கை மதிப்பிடுகிறார். பிறகு சுமார் 5 சதவீத சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திக் கல்லாக்குகிறார். மதிப்பீடு தவறினால் கல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆரோவில்லைப் பொதுக் கல்லூரியோடு ஒப்பிடலாமா என்ற மறுப்பு நியாயமானது. அங்கே கற்போர் குறைவு. பல்கலைக்கழகத் தேர்வின் நெருக்கடியும் இல்லை. இங்கோ அறுபது பேர் வகுப்பு, பருவத்தேர்வு, எங்கிருந்தோ வரும் வினாத்தாள். ஆகவே அந்த அமைப்பை அப்படியே பெயர்த்துவர முடியாது. பொருளைக் கையாண்டு கணித்தபின் கோட்பாட்டுக்கு வரும் வரிசைமுறையை எடுத்துக்கொள்ளலாம்.

அவ்வரிசைமுறைக்கு ஏற்ற களமாக ஆரோவில்லுக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தியில் உவர்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படியும்; உவர்நீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் சுமார் 25 டிகிரியில் சோற்றுப்பு விளையத் தொடங்கும்; 30-ஐ நெருங்கும்போது எஞ்சிய நீரை வடித்துவிடாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். கரைதிறன் பெருக்கமும் பின்னப் படிகமாக்கலும் வேதியியல் மாணவருக்குப் பாடப்புத்தகச் சொற்கள். உப்பளத் தொழிலாளிக்கு அவை அன்றாட வேலை. வெவ்வேறு பாத்திகளின் நீரை அளந்து, எதில் எது படியும் என்று மாணவர் முன்கூட்டியே எழுதட்டும். அதன்பின் நடத்தும் விரிவுரை அவர்களின் கேள்விக்கு விடையாக அமையும்.

இதற்குப் புதிய நிதியோ சட்டமோ தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் மனப்பாடத் தேர்வுக்கும் வருகைப்பதிவுக்கும் போகிறது. அதில் ஒரு பகுதியை, தாளுக்கு ஒன்றாக இத்தகைய களப்பணிக்கு ஒதுக்கலாம். இறுதித் தேர்விலும் அப்பணியை ஒட்டி ஒரு வினா கட்டாயம் இடம்பெற வேண்டும். வினாத்தாளில் வராத எதையும் நம் வகுப்பறை பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர் பயிற்சி முகாம்களை நடத்துமுன், பாடத்திட்டக் குழுக்கள் வினாத்தாளைத் திருத்த வேண்டும்.