பெல்ட்டை அளந்த கைகள்

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுபவர்கள் மூன்று பெயர்களைத் தவறாமல் சொல்வார்கள். 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன், 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்ட அனுபவத்தோடு அவருடன் சேர்ந்த ஏ. பி. மில்ன். காட்டை வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் ‘தமிழ்த் தொழிலாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். ஸ்டோருக்குள் இயந்திரத்தோடு நின்றவர்களுக்கு அந்தச் சொல்லிலும் இடமில்லை. தோட்டத் தமிழர் என்றால் கூடையும் கொழுந்தும்தானே நமக்கு நினைவுக்கு வருகின்றன?

கொழுந்து தேயிலையாவது ஸ்டோரில்தான். 1870களில் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சன் இலை உருட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனம் அதைச் செய்து விற்றது. பெல்ஃபாஸ்டிலிருந்து சாமுவேல் டேவிட்சனின் ‘சிராக்கோ’ உலர்த்திகள் வந்தன. இவ்வகை இயந்திரங்களுக்குத் தனித்தனி மோட்டார் வருவதற்கு முன், ஸ்டோருக்கு ஒரே எஞ்சின்தான். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு சாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தோலாலோ, பலாட்டா பிசின் ஏற்றிய கான்வாஸாலோ ஆன ஒரு பட்டை பெல்ட் இறங்கும்.

பெல்ட் அறுந்தால் வேலை நிற்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் தேயிலை காத்திருக்காது. உருட்டிய இலை புளித்துக்கொண்டே இருக்கும். உலர்த்தியின் விசிறி பெல்ட் வழுக்கினால் காற்று குறையும், இலை காயாமல் வேகும். ஒரு நாள் முழுக்கப் பலர் பறித்தது அப்படியே வீணாகிவிடும்.

அதனால் அளவு முக்கியம். 20 அங்குலக் கப்பியை எஞ்சின் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், 30 அங்குலக் கப்பி 200 சுற்று சுற்றும். வழுக்கலுக்கு நூற்றுக்கு இரண்டு கழித்தால் 196. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 10 அடி என்றால் பெல்ட்டின் நீளம் ஏறத்தாழ 26 அடி 7 அங்குலம். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. கப்பிகளைச் சுற்றி ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தாலே போதும். ஆனால் அந்த நீளத்துக்கே வெட்டினால் பெல்ட் தொங்கும். தோல் இழுபடும் என்பதால் அடிக்கு அரைக்கால் அங்குலம் குறைத்து வெட்டுவது பழைய வழக்கம். இங்கே மூன்றே கால் அங்குலம். பிறகு இரு முனைகளையும் சதுரமாக வெட்டி, துளையிட்டுத் தோல் வாரால் தைக்க வேண்டும். முனை கோணலானால் பெல்ட் கப்பியிலிருந்து ஓடிவிடும்.

பிறகு வி-பெல்ட் வந்தது. அதில் வெட்டுவதும் தைப்பதும் இல்லை. அளவு பெல்ட்டின் முதுகிலேயே அச்சாகியிருக்கும். ‘பி 68’ என்றால் மேல் அகலம் 17 மில்லிமீட்டர், உள்சுற்று 68 அங்குலம். எண் அழிந்துபோன பழைய பெல்ட்டை அளந்து வாங்கினால் ஏமாந்துபோவோம், அது இழுபட்டு நீண்டிருக்கும். மூன்று பெல்ட் ஓடும் கப்பியில் ஒன்று அறுந்தாலும் மூன்றையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதியது மட்டும் சுமை முழுவதையும் வாங்கிச் சீக்கிரம் போய்விடும். நாலடி இடைவெளியில் நடுவில் அழுத்தினால் முக்கால் அங்குலம் இறங்கலாம். தளர்ந்தா வழுக்கும், இறுகினா பேரிங் போயிடும். லாரியின் ஆல்டர்னேட்டருக்கும் மீன்பிடிப் படகின் எஞ்சினுக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு விலையும் இருந்தது. ஓடும் பெல்ட்டைக் கம்பாலோ கையாலோ கப்பிக்கு ஏற்றும் வழக்கம் உலகெங்கும் தொழிற்சாலைகளில் கைகளைப் பறித்திருக்கிறது. மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டமும் அதன்கீழ் 1970இல் வந்த விதிகளும் சுழலும் பாகங்களுக்கு வேலி போடுவதைக் கட்டாயமாக்கின. இன்று பெல்ட்டுகள் கம்பிவலைக் கூண்டுக்குள் ஓடுகின்றன. அந்தக் கூண்டுக்குப் பின்னால் யாருடைய விரல்களோ இருக்கின்றன.

தோட்டக் கணக்கேடுகள் ஏக்கரையும் ராத்தலையும் ஆட்களின் பேரையும் பதிந்தன. ஆள் என்ன தெரிந்தவர் என்பதற்குக் கட்டம் இல்லை. கண்ணால் அளந்து, காதால் வழுக்கலைக் கண்டுபிடித்தவரும் ‘கூலி’ என்றே எழுதப்பட்டார். தோட்ட வரலாற்றைச் சேகரிப்பவர்கள் முதியவர்களிடம் எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஸ்டோரில் என்ன வேலை தெரியும் என்றும் கேட்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.