முதல் வீச்சு தரையில் விழுந்தது: 1906 செயின்ட் லூயிஸ் பருவமும் பார்வர்டு பாஸும்

1913 நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை நோட்ர டேம் 35–13 என்று வீழ்த்தியது. கஸ் டோரைஸ் வீசினார், நூட் ராக்னி ஓடிப் பிடித்தார். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முன்னோக்கி எறியும் பார்வர்டு பாஸ் பிறந்த நாள் அதுவே என்று நெடுங்காலம் பேசப்பட்டது. ராக்னியைப் பற்றி 1940இல் வந்த திரைப்படம் அந்தப் பேச்சை ஊரெங்கும் கொண்டுபோனது. இன்று வரலாறு எழுதுவோர் அதை ஒதுக்கிவிட்டார்கள். சிக்கல், காலியான அந்த இடத்தில் வந்து அமர்ந்த இன்னொரு கதையில் இருக்கிறது.

அந்தக் கதைக்கு வலுவான குரல் கொடுத்தவர் டேவிட் நெல்சன். டெலவேர் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்தவர். 1962 தொடங்கி இறக்கும்வரை கல்லூரிக் கால்பந்து விதிக் குழுவின் செயலர். அவர் மறைந்தபின் 1994இல் வெளியான நூல், பார்வர்டு பாஸின் தந்தை என்ற இடத்தைச் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எடி கோக்கெம்ஸுக்குத் தருகிறது. விமானத்துக்கு ரைட் சகோதரர்கள் எப்படியோ, இதற்குக் கோக்கெம்ஸ் அப்படி என்கிறார். ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. 1906இல் அந்த அணி 11 ஆட்டம் ஆடி 11இலும் வென்றது. எடுத்தது 407 புள்ளி, கொடுத்தது 11. கான்சாஸை 34–2, அயோவாவை 39–0 என்று நொறுக்கியது. அந்தக் கோடையில் விஸ்கான்சினின் பியூலா ஏரிக்கரையில் கோக்கெம்ஸ் தம் மாணவர்களை வீச்சுக்கென்றே பழக்கியிருந்தார்.

நெல்சன் பெரிதும் சாய்வது ஒரு தேதியின்மேல். 1906 செப்டம்பர் 5, வாக்கெஷா நகரில் கேரல் கல்லூரியுடன் நடந்த ஆட்டம். மற்றக் கல்லூரிகள் பெரும்பாலும் களமிறங்குமுன் நடந்தது என்பதால், வீச்சை அனுமதித்த 1906ஆம் ஆண்டுப் புதிய விதியின்கீழ் முதல் வீச்சு செயின்ட் லூயிஸ் வீரர் பிராட்பரி ராபின்சனுடையது என்பது வாதம். யேலுக்கு எதிராக வெஸ்லியன் வீசியது அக்டோபர் 3 என்பதால் தேதிக் கணக்கில் நெல்சன் பக்கமே நியாயம். ஆனால் 1905 கிறிஸ்துமஸ் அன்றே விச்சிட்டாவில் ஃபேர்மவுன்ட், வாஷ்பர்ன் கல்லூரிகள் ஒரு சோதனை ஆட்டம் ஆடின. அதிலும் பந்து முன்னோக்கி வீசப்பட்டது. 1895இல் ஜார்ஜியாவுக்கு எதிராக வட கரோலினா வீரர் திணறலில் எறிந்துவிட்டதைப் பார்த்ததாகப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் பின்னாளில் சொன்னதும் உண்டு. ‘முதல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘விதிக்கு உட்பட்ட’ என்பதைச் சேர்த்தால்தான் வாக்கெஷா முதலாகிறது. அப்படிச் சேர்த்தால் பேச்சு ஆளைவிட்டு விதிக்குப் போய்விடுகிறது. விதிகளின் வரலாற்றையே நூலாக எழுதியவர் இந்த ஓர் இடத்தில் ஆளைப் பிடித்துக்கொண்டது விந்தைதான்.

அன்று நடந்ததைச் சற்று நின்று பார்க்கலாம். ராபின்சனின் முதல் வீச்சு யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தது. பந்து கேரல் கல்லூரிக்குப் போனது. 1906 விதி அப்படி: வீசித் தவறினால் பந்தே பறிபோகும். போதாததற்கு, பந்து புறப்பட்ட இடத்திலிருந்து பக்கவாட்டில் ஐந்து கஜம் விலகியபின்பே வீச வேண்டும். அதை நடுவர் அளக்க, மைதானத்தில் சதுரங்கப் பலகைபோல் நெடுக்கிலும் கோடு போட்டார்கள். அதே ஆட்டத்தில் பின்னர் 20 கஜ வீச்சு ஒன்றை ஜாக் ஷ்நைடர் பிடித்து டச் டவுன் ஆக்கினார். கொண்டாடப்படுவது இந்த வீச்சு. ஆனால் அடுத்த ஏழாண்டு வரலாற்றை விளக்குவது தரையில் விழுந்த முதல் வீச்சுதான்.

வீச்சு பரவ ஏன் ஏழாண்டு ஆனது? கிழக்கத்திய அணிகள் மேற்கைக் கண்டுகொள்ளவில்லை என்பது ராக்னியே தந்த விளக்கம். நெல்சனின் வாசிப்புக்கும் அது வசதியாகப் பொருந்துகிறது. இதை ஏற்க முடியாது. கோக்கெம்ஸ் தம் முறையை விரிவாக எழுதிய கட்டுரை 1907ஆம் ஆண்டு ஸ்பால்டிங் கையேட்டில் வந்தது. அதன் பதிப்பாசிரியர் யேலின் வால்டர் கேம்ப், கிழக்கின் கிழக்கு! அயோவா ஆட்டத்தின் நடுவரோ வெஸ்ட் பாயின்ட்காரர். கிழக்கு கேள்விப்படவில்லை என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கட்டுரையின் படங்கள் வேறொரு காரணத்தைக் காட்டுகின்றன. அவற்றில் ஆட்டமே இல்லை. பந்தைப் பிடிக்கும் ஒரு கை. விரல்கள் தையலின் லேஸ்மேல் பதிந்திருக்கின்றன. பருத்து உருண்ட அன்றைய பந்தில் விரல் பற்ற வேறு இடம் கிடையாது. சுழற்றி வீசும் கலையைக் கோக்கெம்ஸ் கண்டார் என்பதைவிட, பந்து ஒத்துழைக்காதபோது ஒரு பிடியைக் கண்டார் என்பதே சரி. அயோவா ஆட்டத்தில் அவருடைய அணி வீசியதாகச் சொல்லப்படுவது பத்து முறை, பிடிபட்டவை எட்டு. முறையைக் கரைத்துக் குடித்த அணியே முழு ஆட்டத்தில் பத்தோடு நிறுத்திக்கொண்டது என்றால், மற்றவர்கள் தயங்கியது அறியாமையாலா, கணக்குப் பார்த்ததாலா? அடுத்த ஆண்டு நெப்ராஸ்காவிடம் அதே செயின்ட் லூயிஸ் 34–0 என்று தோற்றது.

விதிகளும் கைகொடுக்கவில்லை. 1907இல் முதல் இரு முயற்சிகளில் (டவுன்) வீச்சு தவறினால் 15 கஜம் தண்டம் என்றானது. 1910இல் 20 கஜத்துக்கு மேல் வீசக் கூடாது என்றார்கள். 1912இல்தான் அந்த வரம்பு நீங்கியது, நான்காவது முயற்சி கிடைத்தது, பந்தின் குறுக்குச் சுற்றளவு 22½ முதல் 23 அங்குலமாக மெலிந்தது. அடுத்த பருவத்தில் டோரைஸ் கைக்கு வந்தது அந்தப் பந்து. வெஸ்ட் பாயின்டில் அவருடைய 17 வீச்சுகளில் பிடிபட்டவை 14 என்றும் 13 என்றும் இரு கணக்கு உண்டு. எதை எடுத்தாலும் வாதம் மாறாது.

விதியும் பந்துமே காரணம் என்ற இந்த விளக்கத்துக்கு முட்டுக்கட்டை போடும் அணி ஒன்று உண்டு. தண்டம் நடப்பிலிருந்த 1907இலேயே, பழைய பந்தோடு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைக் கார்லைல் பழங்குடியினர் பள்ளி 26–6 என்று வென்றது, அதுவும் நீண்ட வீச்சுகளைத் தாராளமாகப் பயன்படுத்தி. அந்தப் பருவத்தில் அது தோற்றது பிரின்ஸ்டனிடம் மட்டுமே. ஓடுவதா, உதைப்பதா, வீசுவதா என்று எதிரணி ஊகிக்க முடியாதபடி அதன் பயிற்சியாளர் பாப் வார்னர் வகுத்த அணிவகுப்பு ஒரு காரணமாக இருக்கலாம். விதி மட்டுமே தடை என்றால் கார்லைல் வென்றிருக்க முடியாது. விதி தடையே அல்ல என்றால் மற்றவர்கள் 1912வரை காத்திருந்ததற்கு விளக்கம் வேண்டும்.