கப்பல் விலாவுல ஒரு கோடு

சரக்குக் கப்பலோட விலாவுல ஒரு வட்டம், அதை வெட்டிக்கிட்டு ஒரு கோடு, பக்கத்துல ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். படத்துலயாவது பார்த்திருப்பீங்க. பெயிண்டரோட கைவரிசைன்னு நினைச்சுடாதீங்க. அந்தக் கோட்டுக்காக ஒரு மனுஷர் பிரிட்டிஷ் பார்லிமெண்டையே கலக்கியிருக்கார்.

முதல்ல கொஞ்சம் பள்ளிக்கூட அறிவியல். (ஓடாதீங்க, ஒரே பத்திதான்!) இரும்பு தண்ணியைவிட ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தி. ஆனா கப்பல்ங்கிறது இரும்பும் உள்ள இருக்கிற காத்தும் சேர்ந்தது. மொத்தமா சராசரி எடுத்தா தண்ணியைவிட அடர்த்தி கம்மி, அதனால மிதக்குது. சரக்கு ஏத்த ஏத்த, கூடின எடைக்குச் சமமான தண்ணியை விலக்க இன்னும் அமுங்கும். தண்ணிக்கு மேல மிச்சம் நிக்கிற உடம்புதான் பாதுகாப்பு. எங்க பாஷையில சொன்னா பஃபர். அது குறைஞ்சா ஒரு பெரிய அலை உள்ள புகுந்தாலே கதை முடிஞ்சிடும்.

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல பேராசை பிடிச்ச சில முதலாளிகள் இந்த பஃபரைத்தான் காசாக்கினாங்க. ஓட்டைக் கப்பல்ல அளவுக்கு மீறி ஏத்துவாங்க. முழுகினா இன்சூரன்ஸ் வரும். மாலுமிக்கு? ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு ஏற மாட்டேன்னா ஜெயில். மக்கள் வெச்ச பேரு 'சவப்பெட்டிக் கப்பல்'.

நிலக்கரி வியாபாரியா இருந்து டெர்பி தொகுதி எம்.பி. ஆன சாமுவேல் ப்ளிம்சால் 1873-ல இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார். 1875 ஜூலை 22-ல பிரதமர் டிஸ்ரேலி கப்பல் மசோதாவைக் கைவிடறதா அறிவிக்க, மனுஷர் சபையிலயே கொதிச்சுட்டார். எதிர்ல இருந்தவங்களை வில்லன்கள்னு திட்டினார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார், ஆனா ஊரே அவர் பக்கம். 1876-ல கோடு கட்டாயமாச்சு.

இங்கதான் ஒரு பக். கோடு போடணும்னு சொன்ன சட்டம், எங்க போடணும்னு சொல்லலை! அதை முதலாளியே முடிவு பண்ணிக்கலாம். இந்த ஓட்டையை அடைக்க 1890 ஆச்சு. 1930-ல சர்வதேச ஒப்பந்தமே வந்துடுச்சு.

சரி, ஏணிப்படி எதுக்கு? கடல்தண்ணி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, நல்ல தண்ணி 1000. அதே கப்பல் ஆத்துக்குள்ள வந்தா கொஞ்சம் கூடுதலா அமுங்கும். அதனால நல்ல தண்ணிக்குத் தனிக்கோடு, கொஞ்சம் மேலே. வட அட்லாண்டிக் குளிர்காலப் புயலுக்கு ஒண்ணு, எல்லாத்துக்கும் கீழே.

மிதக்கிற விதியை ஆர்க்கிமிடீஸ் சொல்லி ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. அந்த மாலுமிகளைக் கொன்னது அறிவியல் தெரியாதது இல்லீங்க, தெரிஞ்சே கண்ணை மூடிக்கிட்டது.